பட்டாளத்துத் தாத்தா விட்டுப்போன சாமான்கள்: தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!

தோட்டம் கைமாறிவிட்டது, வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்துவிட்டால் லயத்தில் என்ன நடக்கும் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல. கட்டில், அலமாரி, சாமிப்படம், சமையல் சாமான் எல்லாம் முதல் லாரியில் ஏறிவிடும். கோழிக்கூண்டும் பூச்சட்டியும் இரண்டாவது லாரியில் போகும். கடைசியில் மிஞ்சி நிற்பது, கட்டிலுக்கு அடியில் பல வருஷமாகக் கிடந்த துருப்பிடித்த டிரங்குப் பெட்டி. "அதுல என்னா இருக்கு? பழைய பேப்பரும் கந்தலும்தானே! பிளாட்டுல எடம் ஏது? கொளுத்திப் போடு" என்று யாராவது ஒருவர் சொல்லுவார். சொல்லி வாய் மூடுவதற்குள் இன்னொருவர் தீக்குச்சியைக் கிழித்துவிடுவார்.

இப்படி எரிந்துபோன பெட்டிகளில் எத்தனை வீரர்களின் கதை எரிந்ததோ, கணக்கு எடுத்தவர் யாரும் இல்லை.

நம் தாத்தாமார்களில் பலர் பால்மரம் வெட்டியவர்கள் மட்டும் அல்ல. ஜப்பான்காரன் காலத்தில் உளியை வைத்துவிட்டுத் துப்பாக்கி பிடித்தவர்களும் அவர்களில் உண்டு. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில், நம்மவர்கள் வாயில் 'ஐ.என்.ஏ.' என்றும் 'பட்டாளம்' என்றும் வழங்கிய அந்தச் சேனையில், பேர் கொடுத்தவர்கள் அவர்கள். 1943 ஆம் ஆண்டு பதினெட்டு வயதில் சேர்ந்தவர் இன்று இருந்தால் அவருக்கு நூறு வயது ஆகியிருக்கும். ஆகவே, "தாத்தாவையே கேட்டுக்கொள்ளலாம்" என்ற காலம் போய்விட்டது. அவர் வைத்துவிட்டுப் போன சாமான்களும், அவர் பேசக் கேட்டவர்களின் ஞாபகமும்தான் இனி நமக்குச் சாட்சி. அந்த இரண்டையும் காப்பாற்றுவது எப்படி என்பதைத்தான் இந்த வாரம் நாம் பேசப் போகிறோம்.

உளியை வைத்துவிட்டுப் போனது ஏன்?

பிள்ளைகள் கேட்பார்கள். பதில் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1941 ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலை நிறுத்தம் நடந்தது. கூலி உயர்வு மட்டுமல்ல அன்றைய கோரிக்கை. துரை எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்கி நிற்க மாட்டோம் என்பதும் ஒரு கோரிக்கை. கள்ளுக்கடையை மூடு என்பது இன்னொன்று. அதற்குத் துப்பாக்கிக் குண்டுதான் பதிலாக வந்தது. அந்தக் காயம் ஆறுவதற்குள், அதே வருஷம் டிசம்பர் 8 ஆம் தேதி கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15 ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. சைக்கிளை விட்டு இறங்கச் சொன்ன துரைமார்கள் பெட்டி படுக்கையோடு ஓடியதை நம்மவர்கள் கண்ணாரக் கண்டார்கள்.

துரை போனான், துன்பம் போகவில்லை. ரப்பருக்கு வாங்குவார் இல்லை. அரிசி கிடைக்கவில்லை. மரவள்ளிக் கிழங்கே சோறு என்று ஆனது. கட்டத் துணியில்லாமல் சாக்கை உடுத்தியவர்களைப் பற்றி நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இதற்கெல்லாம் மேலே, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியர் ஆள் பிடித்தார்கள். தோட்டம் தோட்டமாக நம் மக்கள் லாரியில் ஏற்றப்பட்டார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகளின் சாவுக்குக் கல்லறையும் கணக்கும் இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. பல்லாயிரம் பேர் என்பது மட்டும் நிச்சயம். அவர்களில் மலாயாத் தமிழர்களே ஏராளம்.

இந்த நேரத்தில்தான் 1943 ஜூலை 2 ஆம் தேதி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தார். 4 ஆம் தேதி கத்தே கட்டடத்தில் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஏற்றார். 5 ஆம் தேதி பாடாங் திடலில் படையைப் பார்வையிட்டு, டில்லிக்குப் புறப்படுங்கள் என்று முழக்கமிட்டார். அதற்கு முன்னால், 1942 இல் மோகன் சிங் தலைமையில் உருவான முதல் படை பெரும்பாலும் பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து பிடிபட்ட சிப்பாய்களைக் கொண்டது. நேதாஜி வந்த பிறகுதான் தோட்டப்புறத்து இளைஞர்களுக்கும் கதவு திறந்தது. மலாயா முழுதும் கூட்டம் நடந்தது. அவர் இந்துஸ்தானியில் பேசினார். பக்கத்தில் நின்று ஒருவர் தமிழில் சொன்னார். பல்லாயிரக்கணக்கான சாதாரண ஜனங்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், பேர் கொடுத்தார்கள்.

தேசபக்தியால் சேர்ந்தவர்கள் உண்டு. சயாம் ரயிலுக்குப் பிடித்துப் போய்விடுவார்களோ என்ற பயத்தால் சேர்ந்தவர்களும் உண்டு. ஒரு வேளைச் சோறு நிச்சயம் என்று சேர்ந்தவர்களும் உண்டு. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. எந்தக் காரணத்தால் போனாலும், போன இடத்தில் அவர்களை யாரும் 'கூலி' என்று கூப்பிடவில்லை. சாதி, மதம் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே சமையல். துரைக்கு முன்னால் குனிந்து நின்றவன் அங்கே நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். தாத்தா அந்தச் சாமான்களைச் சாகும்வரை கட்டிக் காத்ததற்குக் காரணம் இதுதான் என்று நாம் நினைக்கிறோம்.

பெண்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படை அமைந்தது. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் அதன் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி, பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்தவர், அந்தப் படையில் அதிகாரியாக இருந்தார். 2000 ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. 2014 இல் அவர் காலமானார். ஆனால் அவரோடு நடந்த தோட்டத்துப் பெண்கள் எத்தனை பேருடைய பேர் நமக்குத் தெரியும்? உங்கள் பாட்டியே அவர்களில் ஒருவராக இருக்கலாம். கேட்டீர்களா?

பெட்டிக்குள் என்ன இருக்கும்?

நாம் போய்ப் பார்த்த வீடுகளில் கண்டவற்றைச் சொல்கிறோம்.

ஸ்டுடியோவில் சீருடையோடு எடுத்த படம் ஒன்று இருக்கும். பித்தளைச் சின்னம் ஒன்று இருக்கலாம். இடுப்புவார், சாப்பாட்டுத் தகரம், பீங்கான் மங்கு இருக்கும். லீக்குக்குப் பணமோ நகையோ கொடுத்ததற்கான ரசீது இருக்கும். ஜப்பான்காரன் அடித்துவிட்ட வாழைமர நோட்டுக் கட்டு நிறைய வீடுகளில் உண்டு. 1945 இல் அது செல்லாக் காசு ஆனபோது பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்ததுபோக மிச்சம். ஒரு வீட்டில் பழைய கணக்கு நோட்டு ஒன்றைக் காட்டினார்கள். தாத்தா பயிற்சி முகாமில் கற்றுக்கொண்ட இந்துஸ்தானிக் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி, எதிரே தமிழில் பொருள் எழுதி வைத்திருக்கிறார். இடையிடையே பென்சிலில் நாள்கணக்கு. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவரின் கையெழுத்து அது. பொன்னும் வைரமும் அந்த நோட்டுக்கு ஈடாகாது.

சிலாங்கூரில் ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளியான ஒரு பாட்டியைப் பார்த்தோம். அவருடைய கணவர் விட்டுப்போன பித்தளைச் சின்னத்தை ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் உளியோடும் வாளியோடும் சேர்த்து வைத்துச் சந்தனம் வைப்பாராம். பூஜைக்கு முன்னால் புளி போட்டுத் தேய்ப்பது வழக்கம். அப்படித் தேய்த்துத் தேய்த்து, அதில் இருந்த எழுத்தெல்லாம் போய் மொழுமொழு என்று தகடு மாத்திரம் மிஞ்சியிருக்கிறது.

"சாமிக்கு முன்னால வைக்கிற சாமான அழுக்கா வைக்க முடியுமா தம்பி? அவரு இருந்தப்பவும் அவரேதான் தேய்ச்சாரு" என்றார் பாட்டி.

அவர் சொன்னதில் என்ன தப்பு? அந்த வீட்டில் அது காட்சிப் பொருள் அல்ல, கும்பிடுகிற பொருள். ஆனாலும் எழுத்துப் போனது போனதுதான். பாட்டி இன்னும் கண்ணை மூடிக்கொண்டு அதில் என்ன இருந்தது என்று சொல்லுகிறார். பேத்தி அதைப் படம் எடுத்து, பாட்டி சொன்னதைப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். இனிப் புளி வேண்டாம், துணியால் துடைத்தால் போதும் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள். சந்தனம் தொடர்கிறது, தட்டில் வைத்து.

படம் இல்லாத அண்ணன்

பேராவில் இன்னொரு வீடு. அந்தக் குடும்பத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணனைச் சயாமுக்குப் பிடித்துப் போனார்கள். அடுத்த வருஷம் தம்பி பட்டாளத்தில் சேர்ந்தார். தம்பி திரும்பி வந்தார். அண்ணன் வரவில்லை. கூடத்துச் சுவரில் தம்பியின் படம் சீருடையோடு தொங்குகிறது, மாலை போட்டு. வருஷா வருஷம் பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள்.

"பெரியவரு படம்?" என்று கேட்டோம்.

"பெரிய தாத்தாவுக்குப் படமெல்லாம் கெடையாது ஐயா. ஒரு வேட்டிகூட இல்ல. பேரு மட்டுந்தான் தெரியும்" என்றார் அந்த வீட்டு அத்தை. சற்று நேரம் பொறுத்து, "எங்க அப்பா பட்டாளத்தப் பத்திப் பேச ஆரம்பிச்சா, அண்ணன் பேச்சு வந்ததும் நிறுத்திடுவாரு. அழமாட்டாரு. எழுந்து வெளியே போய்டுவாரு" என்றார்.

வாசகர்களே, இந்த இடத்தில் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். தம்பியின் சேனைக்குத் துணை நின்ற அதே ஜப்பானியர்தான் அண்ணனை ரயில் பாதைக்குக் கொண்டுபோனவர்கள். இரண்டும் ஒரே வீட்டில் நடந்த கதை. வெள்ளைக்காரனை எதிர்க்க வேறு துணை இல்லை என்பார் ஒருவர். அந்தத் துணை நம் ரத்தத்தைக் குடித்ததே என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. பெருமையான பாதியை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டு மற்றப் பாதியை மறந்துவிட்டால், தாத்தாவையே பாதிதான் தெரிந்துகொண்டவர்கள் ஆவோம். அவர் ஏன் எழுந்து வெளியே போனார் என்பது பேரப்பிள்ளைக்கு ஒருநாளும் விளங்காது.

ஆகவே நாம் சொல்கிறோம்: பொருள் விட்டுப்போனவருக்கு ஒரு பெட்டி வைத்தால், எதுவும் விட்டுப்போகாதவருக்கு ஒரு காகிதமாவது வையுங்கள். பெயர், தகப்பனார் பெயர், எந்தத் தோட்டம், எந்த வருஷம் கொண்டுபோனார்கள், கூடப் போனவர் யார், திரும்பி வந்து செய்தி சொன்னவர் யார். இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். பேராக் குடும்பத்தார் அந்தப் பக்கத்தை எழுதித் தம்பியின் படத்துக்குப் பின்னாலேயே வைத்திருக்கிறார்கள்.

ஏன் ஒளித்து வைத்தார்கள்?

"தாத்தா இதையெல்லாம் பற்றி வாயே திறந்ததில்லையே" என்று பலர் சொல்கிறார்கள். அதற்கும் காரணம் உண்டு.

1945 ஜூலை 8 ஆம் தேதி சிங்கப்பூர் எஸ்பிளனேடில், இந்திய தேசிய ராணுவத்தில் உயிர் நீத்தவர்களுக்கான நினைவுச் சின்னத்துக்கு நேதாஜி அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற அந்தச் சேனையின் மூன்று சொற்களை அது தாங்கியிருந்தது. செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதைத் தகர்த்துவிட்டார்கள். 1995 இல்தான் அதே திடலில் அந்த இடத்தைக் குறிக்கும் பலகை வைக்கப்பட்டது. வீரனுக்கு நடுகல் நட்டுப் பேரும் செயலும் பொறித்த இனம் நம் இனம். நட்ட கல் இரண்டு மாதத்தில் தகர்க்கப்பட்டதைப் பார்த்தவன், வீட்டில் இருந்த சின்னத்தை வெளியே காட்டுவானா?

பர்மாவில் பிடிபட்டவர்கள் சிறைக்கும் விசாரணைக்கும் போனார்கள். திரும்பி வந்தவர்களில் சிலர் தோட்டங்களில் தொழிற்சங்கம் கட்டவும், கள்ளுக்கடை ஒழிக்கவும் முன்னே நின்றார்கள். 1948 இல் அவசரகாலம் பிறந்தது. இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவரும், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவருமான கணபதி 1949 மே 4 ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்தச் செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியபோது எத்தனை வீடுகளில் காகிதத்தை அடுப்பில் போட்டிருப்பார்கள்! போடாமல் வைத்தவர் துணிந்தவர். அந்தத் துணிச்சலின் மிச்சம்தான் இன்று உங்கள் கையில் இருப்பது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேர்ந்த எல்லாரும் இம்பாலுக்குப் போகவில்லை. பயிற்சி முகாமிலேயே சண்டை முடிந்தது என்று செய்தி வந்தவர்கள் ஏராளம். சமையல் செய்தவர், லாரி ஓட்டியவர், காவல் நின்றவர், காசு வசூலித்தவர் எல்லாரும் அந்தச் சேனைக்காரர்களே. தாத்தா சிப்பாயாக இருந்திருந்தால் 'கேப்டன்' என்று எழுதாதீர்கள். நேதாஜியைக் கூட்டத்தில் தூரத்தில் பார்த்திருந்தால் கை குலுக்கினார் என்று எழுதாதீர்கள். ஒன்றைக் கூட்டிச் சொன்னால், உண்மையான மற்ற ஒன்பதையும் ஊர் நம்பாது.

பத்திரப்படுத்துவது எப்படி?

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. கொஞ்சம் கவனம் வேண்டும், அவ்வளவுதான்.

காகிதம்: பிளாஸ்டிக் வைத்துச் சூடாக ஒட்டும் லேமினேட் செய்யாதீர்கள். பிறகு அதைப் பிரிக்கவே முடியாது. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் அது மஞ்சளாகிக் காகிதத்தையே தின்றுவிடும். மடிப்பை மெதுவாகப் பிரித்து, சுத்தமான வெள்ளைத் தாளுக்கு இடையே படுக்க வையுங்கள். குறிப்பு எழுத வேண்டுமானால் பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள், பேனா வேண்டாம்.

படம்: சாமி அறையில் மாட்டியிருந்தால் சூடப்புகையும் விளக்குப் புகையும் படிந்துகொண்டே இருக்கும். பொட்டு வைப்பதானால் கண்ணாடிமேல் வையுங்கள், படத்தின்மேல் வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் சில படங்கள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அதை இழுத்துப் பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினலை எடுத்து வைத்துவிட்டு, நகலைச் சாமி அறையில் மாட்டுவது உத்தமம்.

பித்தளை, இரும்பு: புளி, சாம்பல், பாலிஷ் எதுவும் வேண்டாம். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, தனியாகச் சுற்றி வையுங்கள். காகிதத்தோடு சேர்த்து வைத்தால் துரு காகிதத்தில் இறங்கும்.

துணி: சீருடையோ தொப்பியோ இருந்தால் துவைக்கவும் வேண்டாம், இஸ்திரி போடவும் வேண்டாம். கஞ்சி போடாத பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை துணியில் படக்கூடாது.

இடம்: தரையில் வைக்காதீர்கள், கரையான் வரும். கூரைக்கு அடியிலும் வைக்காதீர்கள், சூடு தாங்காது. சமையல்கட்டுப் பக்கமும் வேண்டாம். அலமாரியின் நடுத்தட்டு நல்லது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

நகல்: இன்றைக்குக் கைத்தொலைபேசி இல்லாத வீடு இல்லை. பகல் வெளிச்சத்தில் சன்னல் பக்கம் வைத்து, ஃபிளாஷ் போடாமல், முன்பக்கமும் பின்பக்கமும் எடுங்கள். சின்னப் பொருளானால் பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆகவே மூலப் படத்தைத் தனியே இரண்டு மூன்று இடத்தில் சேமித்து வையுங்கள். ஒரு போன் தண்ணீரில் விழுந்தால் எல்லாம் போச்சு என்று ஆகிவிடக் கூடாது.

பொருளுக்குப் பேச்சைச் சேருங்கள்

பொருள் மட்டும் இருந்து அதன் கதை தெரியாவிட்டால், இரண்டு தலைமுறை கழித்து அது வெறும் தகரம். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம். இது என்ன, யாருடையது, யாரிடமிருந்து யாரிடம் வந்தது, இதைப் பற்றிச் சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்று எழுதுங்கள். பொருளிலேயே எழுதியிருப்பது வேறு, வாயால் சொன்னது வேறு. இரண்டையும் கலக்காமல் தனித்தனியே எழுதுவது முக்கியம். அத்தை ஒன்று சொல்லிச் சித்தப்பா இன்னொன்று சொன்னால், சண்டை போட வேண்டாம். இரண்டையும் எழுதி, இன்னார் சொன்னது என்று பெயர் போடுங்கள்.

பெரியவர்களிடம் "பட்டாளத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று மொட்டையாகக் கேட்டால் "என்னத்தச் சொல்றது" என்றுதான் பதில் வரும். சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். தாத்தா போகும்போது ரயிலா, லாரியா? எந்த ஊர் முகாம்? அங்கே காலையில் என்ன சாப்பாடு? கூடப் போன நம் தோட்டத்து ஆட்கள் யார் யார்? அவர் இல்லாதபோது பாட்டி பிள்ளைகளை எப்படிக் காப்பாற்றினார்? திரும்பி வந்த அன்றைக்கு வீட்டில் யார் இருந்தார்கள்? பேசுகிறபோது கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள், முன்கூட்டிச் சொல்லிவிட்டு. அழுதால் நிறுத்திவிடுங்கள். இன்னொரு நாள் கேட்கலாம்.

பேர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தோட்டத்துக் கிராணி ஒரு விதமாக எழுதியிருப்பார், லீக் ரசீதில் ஒரு விதமாக இருக்கும், அடையாளக் கார்டில் இன்னொரு விதம். எல்லா விதத்தையும் குறித்து வையுங்கள். நாளைக்குப் பேரப்பிள்ளை ஆவணக் காப்பகத்தில் தேடும்போது அதுதான் சாவி.

யாரிடம் கொடுப்பது?

பழைய சாமான் வாங்குகிறவர்கள் தோட்டங்களையும் தாமான்களையும் சுற்றுகிறார்கள். ஒரு வீட்டில் பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கப் பணம் இல்லாமல் சின்னத்தை விற்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. பிள்ளையின் காலுக்குச் செருப்பு அவசியம். ஆனால் விற்பதற்கு முன்னால் ஒரு படமாவது எடுத்து வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். அண்ணன் தம்பிக்குள்ளே கேட்டுப் பாருங்கள், யாராவது ஒருவர் அந்தப் பணத்தைக் கொடுத்து வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளக்கூடும்.

வீட்டில் வைக்க வசதி இல்லை என்றால் பொது இடங்கள் இருக்கின்றன. கோலாலம்பூரில் 1957 இல் தொடங்கிய தேசிய ஆவணக் காப்பகம், அதாவது ஆர்கிப் நெகாரா, தனியார் ஆவணங்களையும் ஏற்கிறது. சிங்கப்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதைச் சேர்ந்த வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் மக்களின் குரலைப் பதிவு செய்து வருகிறது. ஜப்பானியர் காலத்தைப் பற்றிப் பேசியவர்கள் அதில் பலர். கேம்பல் லேனில் 2015 இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையமும் உண்டு. எங்கே கொடுத்தாலும் முதலில் விசாரியுங்கள். இரவலா, நன்கொடையா என்று எழுத்தில் வாங்குங்கள். "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்கிறவரிடம் கையெழுத்து இல்லாமல் ஒரிஜினலைக் கொடுக்க வேண்டாம்.

இன்னொரு யோசனை. இப்போது பல பழைய தோட்டத்து மக்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஒன்றுகூடுகிறார்கள். சாப்பாடு, பாட்டு எல்லாம் நடக்கிறது. அங்கே ஒரு மேஜை போடுங்கள். பட்டாளத்துக்குப் போனவர்கள், சயாமுக்குப் போனவர்கள் பேரை ஒரு பெரிய தாளில் எழுதி ஒட்டுங்கள். பார்க்க வருகிற பெரியவர்களில் ஒருவர், "இன்னாரை விட்டுட்டீங்களே" என்பார். அப்படித்தான் பட்டியல் நிறையும். எந்தச் சர்க்கார் புத்தகத்திலும் இல்லாத பட்டியல் அது.

தீபாவளிக்குப் பிள்ளைகள் எல்லாரும் ஊருக்கு வருவார்கள். பலகாரம் சாப்பிட்ட பிறகு தொலைக்காட்சியை ஒரு மணி நேரம் அணைத்து வையுங்கள். கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். முதல் பக்கத்தில் தாத்தாவின் பேர், அவருடைய அப்பா பேர், பிறந்த ஊர், வேலை செய்த தோட்டம் என்று நான்கு வரி எழுதுங்கள். எழுத்துத் தெரிந்த சின்னப் பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுத்து, பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஐந்தாவது வரியைப் பாட்டி சொல்லுவார்.